உள்ளங்காலைப் பார்த்த மிஸ்ஸி

ஆஸ்பத்திரியில் அந்த மிஸ்ஸியின், அதாவது நர்ஸம்மாவின், சட்டையில் குத்தியிருந்த பெயர்த் தகட்டைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெள்ளைத் தகடு, நீல எழுத்து, ஒரு பக்கம் சரிந்து தொங்கியது. பெயருக்குக் கீழே சிங்களத்திலும் தமிழிலும் இங்கிலீசிலும் 'கேஸ் மெனேஜர்' என்று போட்டிருந்தது. எனக்குத் தெரிந்த கேஸ் எல்லாம் கோர்ட்டில் நடப்பது. அதற்கு லோயர் இருப்பார், மெனேஜர் இருந்து நான் பார்த்ததில்லை. கட்டிலில் என் மனைவி காலில் பெரிய கட்டோடு படுத்திருக்கிறாள், நான் பக்கத்தில் நின்று சிரிக்கிறேன். "மருந்து கட்டத்தான் மிஸ்ஸின்னு நெனச்சேன். வருத்தக்காரங்களுக்கும் மெனேஜர் வச்சிட்டாங்களா? நான் இத்தனை பெரிய ஸ்டோரையே மெனேஜர் இல்லாம நடத்துறவன்" என்றேன். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. "சிரிங்க முதலாளி. மிளகு மூட்டைக்கு நீங்க, இந்தக் காலுக்கு நான். எதுல நட்டம் வந்தா கூட வலிக்கும்னு பிறகு பேசுவோம்" என்றார்.

இதை நான் கோபத்தில்தான் எழுதுகிறேன். வயதான ஆளின் புலம்பல் என்று நினைக்க வேண்டாம், இந்தக் கையால் இன்றும் ஒரு கராம்பு மூட்டையை நகர்த்துவேன். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். விஷயத்தில் பிழை கிடையாது.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நான் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீட்டில், பிறந்தவன். பள்ளிக்கூடத்துக்குள் போனதை விட அதன் வாசலில் நின்றதுதான் அதிகம். கங்காணி ஒரு நாள் கூடாத வார்த்தையால் ஏசினான் என்று மலையை விட்டு இறங்கி, மாத்தளை டவுனில் மூட்டை தூக்கி, பிறகு மூட்டை வாங்கி, பிறகு லொறி வாங்கியவன். இன்றைக்கு உக்குவளையிலிருந்தும் பல்லேபொலவிலிருந்தும் வருகிற மிளகை மூக்கருகே கொண்டுபோனாலே, எந்த மழையில் நனைந்தது என்று சொல்வேன். யாருக்கும் குனிந்து கும்பிட்டு எதையும் வாங்கியதில்லை. அப்படிப்பட்டவன் ஒரு மிஸ்ஸிக்கு மட்டும் மரியாதை கொடுக்கப் பழகினேன் என்றால், அந்த மனுசி எப்பேர்ப்பட்டவர் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

என் மனைவிக்கு நெடுங்காலமாகச் சீனி வருத்தம், நீரிழிவு. எனக்கு நெஞ்சில் ஓப்பரேஷன் செய்தபோது, நான் பிழைத்தால் தேருக்குப் பின்னால் பால்குடம் எடுத்து வெறுங்காலோடு நடப்பதாக அம்மனுக்கு நேர்ந்துகொண்டாள். நான் பிழைத்தேன். அவள் நடந்தாள். மாத்தளை வெயிலில் தார் ரோடு மத்தியானத்தில் எப்படிக் கொதிக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். மற்றப் பெண்களெல்லாம் தண்ணீர் ஊற்றிய இடம் பார்த்துத் துள்ளித் துள்ளி நடக்க, இவள் மட்டும் நேராக, நிதானமாக, முகம் சுளிக்காமல் நடந்தாள். "அக்காவுக்கு அம்மன் இறங்கியிருக்கு, பாருங்க அத்தான், சூடே தெரியல" என்று அவளுடைய தம்பி, என் மச்சான், எல்லோருக்கும் காட்டிப் பெருமைப்பட்டான். நானும் பெருமைப்பட்டேன், பொய் சொல்லவில்லை. சீனி அவள் காலின் உணர்ச்சியைத் தின்று முடித்துவிட்டது என்று அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் தெரியாது. உள்ளங்கால் இரண்டும் கொப்பளித்திருந்தன. வலது காலில் கொப்பளம் உடைந்து புண்ணாகி, புண் உள்ளே குடைந்துகொண்டு போனது. அவள் அதன் மேலேயே நடந்து சமைத்துக்கொண்டிருந்தாள். வீட்டில் நாற்றம் வந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

டவுனில் உள்ள ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பெயர் சொல்லமாட்டேன், சொன்னால் என் வாய் நாறும். அங்கே சீனி வருத்தம் பார்க்கிற டொக்டர் காலையில் வருவார், போய்விடுவார். காலை வெட்டுகிற டொக்டர் வெளியூரிலிருந்து பின்னேரம் வருவார். காலையில் வந்தவர் "ரத்த ஓட்டம் இருக்கு, காப்பாத்தப் பார்க்கலாம்" என்பார். பின்னேரம் வந்தவர் "முழங்காலுக்குக் கீழே எடுத்துடுறதுதான் நல்லது" என்பார். இருவரும் நல்ல டொக்டர்கள், படித்தவர்கள், நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரே காலைப் பார்க்கிற இரண்டு பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. நாங்கள் நடுவில் நின்று அவர் சொன்னதை இவரிடம் சொல்வோம். நான் சொன்னால் டொக்டர் கேட்பாரா? "நீங்க டொக்டரா, நான் டொக்டரா?" என்று ஒரு கேள்வி. அதோடு என் வாய் மூடிவிடும். என் வாயை மூடவைத்த ஆட்கள் இந்த மாவட்டத்தில் குறைவு.

வெட்டுவதற்கு நாள் குறித்துவிட்டார்கள். அப்போதுதான் மிஸ்ஸி தன்னுடைய வேலையைக் காட்டினார். பின்னேரத்து டொக்டர் பார்த்து முடித்துவிட்டு வாகனத்தில் ஏறுகிற நேரம், இந்த மனுசி வாகனத்தின் கதவுப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். குண்டான உடம்பு, தள்ளிவிட்டுப் போக முடியாது. காலையில் வருகிற டொக்டரிடம் ஏதோ சொல்லி அன்றைக்குப் பின்னேரமும் வரவழைத்திருந்தார். "சேர், அஞ்சு நிமிசம். ரெண்டு பேரும் ஒரு கட்டில்கிட்ட நின்னு பேசுங்க. பேசிட்டு வெட்டுறதுன்னாலும் வெட்டுங்க, நான் குறுக்க வரமாட்டேன்" என்று சிங்களத்தில் சொன்னார். டொக்டர் முகம் சிவந்தது. ஆனாலும் இறங்கினார். இரண்டு பேரும் என் மனைவியின் காலைப் பிடித்துக்கொண்டு இங்கிலீசில் நெடுநேரம் பேசினார்கள். எனக்கு ஒரு வார்த்தையும் விளங்கவில்லை. கடைசியில் வெட்டுகிற டொக்டர் தலையை ஆட்டினார். வெட்டவில்லை. புண்ணைச் சுத்தம் செய்து, மருந்தை மாற்றி, காலைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். இரண்டு பேரையும் ஒரு கட்டிலருகே நிறுத்தியது ஒரு பெரிய வேலையா என்று என் மச்சான் கேட்டான். "போன் அடிக்கவும் வாசல்ல நிக்கவும் ஒரு மிஸ்ஸியா, அத்தான்? இதை என் கடைப் பொடியனும் செய்வான்." அந்தச் சின்ன வேலையை அந்த ஆஸ்பத்திரியில் வேறு யாரும் செய்யவில்லையே, அதற்கு என்ன சொல்கிறாய் என்று நான் கேட்டேன். அவனிடம் எப்போதும் பதில் இருக்காது, பேச்சு மட்டும் இருக்கும்.

வீட்டுக்கு வந்த பிறகும் மிஸ்ஸி விடவில்லை. அதுவும் அவர் உத்தியோகத்தில் ஒரு பகுதியாம். அவர் வஹகோட்டை ஊர்க்காரர், வேதக்காரர், கத்தோலிக்கம். வீட்டில் பேசுவது சிங்களம், தமிழ் தோட்டத்து ஆஸ்பத்திரியில் வேலை செய்தபோது நம் பெண்களிடம் பழகியது. ஊருக்குப் போகிற பஸ் எங்கள் வாசலைத் தாண்டித்தான் போகும். வேலை முடிந்து போகும்போது இறங்கி, என் மனைவியை நாற்காலியில் உட்காரவைத்து, தான் கீழே சம்மணம் போட்டு உட்கார்ந்து, உள்ளங்காலை மடியில் எடுத்து வைத்துப் பார்ப்பார். பார்ப்பது என்றால் ரத்தினக் கல் பார்க்கிறவன் பார்ப்பதைப் போல. "அனே அம்மா, இந்தப் புதுத் தோல் பச்சைப் பிள்ளை மாதிரி. அழத் தெரியாத பிள்ளை. நீங்கதான் தினம் பார்க்கணும்" என்பார். என் மனைவிக்குக் கண் பார்வை மங்கல், தன் உள்ளங்காலைத் தானே பார்க்க முடியாது. பிள்ளைகள் கொழும்பில். அப்படியானால் நான் பார்க்கவேண்டும். அதற்கு அவள் சாகும் வரை சம்மதிக்கமாட்டாள். "புருசன் பொண்டாட்டி காலைத் தொடுறதா? ஏழு ஜென்மத்துக்கும் அந்தப் பாவம் என்னைய விடாது" என்று காலைச் சேலைக்குள் இழுத்துக்கொள்வாள். எங்கள் பக்கத்துப் பெண்கள் அப்படித்தான். அதனால் அந்தக் கால் மிஸ்ஸியின் கண்ணை நம்பித்தான் இருந்தது.

அடுத்த சண்டை செருப்பு. வீட்டுக்குள்ளேயும் வெறுங்காலோடு நடக்கக் கூடாது என்பது மிஸ்ஸியின் சட்டம். கூடத்தில் போட்டுக்கொள்ளச் சம்மதித்த என் மனைவி, சாமியறை வாசலில் கழற்றிவிடுவாள். காலையும் மாலையும் விளக்கேற்றுகிறவள், அந்த அறைக்குள்தான் அதிகம் நிற்பாள். மிஸ்ஸி ஏசிப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார். பிறகு என்ன செய்தார் தெரியுமா? எங்கள் கோயில் ஐயரைத் தேடிப் போனார். கழுத்தில் சிலுவை மாலையோடு கோயில் மடைப்பள்ளிப் பக்கம் போய் நின்று, "ஐயா, தோல் செருப்பு வேணாம், ரப்பர் வேணாம், வெளியே மிதிக்காத புதுத் துணியால உறை மாதிரி தைச்சா சாமி ஏத்துக்குமா?" என்று கேட்டிருக்கிறார். ஐயர் கொஞ்சம் யோசித்து, "வீட்டுச் சாமியறைக்குத் தாராளமா. நோயாளிக்கு விதி வேற" என்று சொல்லிவிட்டார். அதை அவர் வாயாலேயே என் மனைவிக்குப் போனில் சொல்ல வைத்தார். மறுவாரம் புது வேட்டித் துணிக்குள் மெத்தென்று பஞ்சு வைத்துத் தைத்த ஒரு சோடி கால் உறை வந்தது. மிஸ்ஸியே தைத்தது. தையல் கோணல் மாணல். என் மனைவி அதை அம்மன் படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டுவிட்டுப் போட்டுக்கொண்டாள்.

பஸ் வரும் வரை பிளேன்டீ குடித்துக்கொண்டு மிஸ்ஸி தன் உத்தியோகத்தைப் பற்றிப் பேசுவார். நான் கேட்டேன், இந்த வேலை நல்லதா, வோர்ட் வேலை நல்லதா என்று. "வோர்ட்ல இருந்தா முதலாளி, கட்டில் காலியானா ஆள் செத்தாரா பொழைச்சாரான்னு கூடத் தெரியாது. அடுத்த ஆள் வந்து படுத்திருப்பார். இதுல அப்படி இல்ல. ஒரு ஆளை வாசல்ல இருந்து அவர் வீட்டு அடுப்படி வரைக்கும் தெரியும். நான் பார்த்த கால் நடந்து போறதை நானே பார்ப்பேன். அதுக்காகத்தான் வந்தேன்." கொஞ்ச நேரம் தேநீரை ஊதிவிட்டு, "ஆனா டொக்டருக்கு நான் சொல்பேச்சு கேட்காத மிஸ்ஸி. ஒபிசுக்கு நான் வெட்டிச் செலவு. சொந்தக்காரங்களுக்கு ஏசுறதுக்கு லேசா கிடைக்கிற ஆள். பொறுப்பு எல்லாம் என் தலையில, உத்தரவு போட மட்டும் எனக்கு வாய் இல்ல" என்றார். "உங்களுக்கா வாய் இல்ல?" என்று நான் கேட்டேன். அன்றைக்குத்தான் அவர் வாய்விட்டுச் சிரித்ததைப் பார்த்தேன்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்ததில் மண்ணைப் போட்டவன் என் மச்சான். கோயில் கமிட்டியில் இருக்கிறான், அந்தத் திமிர். அக்காளின் காலில் உறையைப் பார்த்துவிட்டு, சாமியறையில் இது என்ன என்று கேட்டிருக்கிறான். மிஸ்ஸி தைத்தது என்று அவள் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். நேரே ஆஸ்பத்திரிக்குப் போய், "உங்க வேதக்காரி மிஸ்ஸி எங்க சாமியறையில செருப்புப் போடச் சொல்லிட்டா" என்று முறைப்பாடு கொடுத்துவிட்டான். ஐயர் சம்மதித்ததைக் கேட்கவில்லை, என்னைக் கேட்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு அது அல்வா சாப்பிட்ட மாதிரி. அந்த மனுசி டொக்டரின் வாகனத்தை மறித்ததும், குறித்த ஓப்பரேஷனை நிறுத்தவைத்ததும் அவர்கள் தொண்டையில் முள்ளாகக் கிடந்தது. ஒரு காரணம் கிடைத்ததும் அந்தக் கேஸ் மெனேஜர் உத்தியோகத்தையே எடுத்துவிட்டு, மிஸ்ஸியைத் தூரத்தில் உள்ள தங்கள் இன்னொரு கிளைக்கு வோர்ட் வேலைக்கு அனுப்பிவிட்டார்கள்.

நான் சும்மா இருப்பேனா? வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு டைரக்டரின் அறைக்குப் போனேன். குளிர் அறை, மேசையில் பிளாஸ்டிக் பூ. அந்த ஆள் எழுந்து நின்று கைகொடுத்து, "ஐயா, உங்க சமய உணர்வு எங்களுக்கு ரொம்ப முக்கியம்" என்றார். "என் சமய உணர்வை நான் பார்த்துக்கிறேன். நோயாளியோட புருசன் நான். நான் முறைப்பாடு கொடுக்கல. அந்த மிஸ்ஸியைத் திருப்பி அனுப்புங்க" என்றேன். "கவலைப்படாதீங்க, இனிமே கிளினிக் திகதி எல்லாம் உங்க போனுக்கே மெசேஜ் வரும்" என்றார். "மெசேஜ் வந்து என் பொண்டாட்டி காலைப் பார்க்குமாடா?" என்று கேட்டுவிட்டேன். செக்கியூரிட்டிக்காரன் வந்தான். அவன் தகப்பன் என் ஸ்டோரில் மூட்டை தூக்கினவன், அவனே என் கையைப் பிடித்து, "வாங்க ஐயா, வேணாம்" என்று வெளியே கூட்டிவந்தான்.

பிறகு மிஸ்ஸிக்குப் போன் பண்ணினேன். அந்த வேலையை விடுங்கள், நான் சம்பளம் தருகிறேன், எங்கள் வீட்டுக்கு வந்து இவளை மட்டும் பாருங்கள் என்றேன். ஒரு லொறியை விற்றாவது செய்வேன் என்றேன். மிஸ்ஸிக்குக் கோபம் வந்துவிட்டது. "உங்க ஒரு வீட்டுக்கு மட்டும் மிஸ்ஸின்னா அதுக்குப் பேரு வேலைக்காரி, முதலாளி. நான் பார்த்துக்கிட்டிருந்த மத்தவங்க காலெல்லாம் என்ன, வாழைத்தண்டா?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டார். எனக்கு முகத்தில் அறைந்தது போல இருந்தது. இன்றைக்கும் அந்தப் பேச்சை நினைத்தால் கோபம் வருகிறது. அது சரியான பேச்சு என்பதால் இன்னும் அதிகமாக வருகிறது.

அதற்குள் மச்சான் அக்காளிடம் தினமும் வந்து ஓதினான். சாமிக் குத்தம், பிள்ளைகளுக்கு ஆகாது, அத்தானின் நெஞ்சுக்கு ஆகாது. என் நெஞ்சைச் சொன்னதும் அவள் பயந்துவிட்டாள். சாமியறை வாசலில் உறையைக் கழற்றிவைத்துவிட்டு உள்ளே போக ஆரம்பித்தாள். மாலை கட்டுகிற மெல்லிய கம்பி தெரியும்தானே, பூ வாடி உதிர்ந்த பிறகு அந்தக் கம்பித் துண்டு தரையில் கிடந்திருக்கிறது. அது உள்ளங்காலில் ஏறிவிட்டது. அவளுக்குத் தெரியவில்லை. முன்பு தெரியாமல் தார் ரோட்டில் நடந்ததைப் போலவே, கம்பியை உள்ளே வைத்துக்கொண்டு நடந்தாள், விளக்கேற்றினாள், எனக்குச் சோறு போட்டாள். மெசேஜ் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது, அதை மட்டும் குறை சொல்லமாட்டேன். சீனிக்கு ஒரு நாள் வா என்றது, புண்ணுக்கு வேறொரு நாள் வா என்றது. சீனிக்குப் போன நாளில் ரத்தத்தைப் பார்த்தார்கள், செருப்பைக் கழற்றச் சொல்லவில்லை. புண்ணுக்கு உரிய நாள் வருவதற்குள் காய்ச்சல் வந்து, கால் கறுத்துவிட்டது. இந்தத் தடவை இரண்டு டொக்டரும் சந்திக்கத் தேவையிருக்கவில்லை. தனித்தனியாகவே ஒரே பதிலைச் சொன்னார்கள்.

முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். மச்சான் அப்பிளும் திராட்சையும் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தான். "எல்லாம் விதி, அத்தான்" என்றான். "விதி இல்லடா, கம்பி" என்றேன். அதற்குப் பிறகு நான் அவனோடு பேசவில்லை. என் மனைவி அம்மனையும் கோபிக்கவில்லை, தம்பியையும் கோபிக்கவில்லை, ஆஸ்பத்திரியையும் கோபிக்கவில்லை. அதனால் அவளுடைய பங்குக் கோபத்தையும் சேர்த்து நானே சுமக்கிறேன். மூட்டை தூக்கிப் பழகிய தோள்தானே.

போன மாதம் ஆஸ்பத்திரியிலிருந்து கடைசியாக ஒரு மெசேஜ் வந்தது. உதவிக்குக் கொழும்பிலிருந்து வந்து நிற்கிற மருமகள் படித்துக் காட்டினாள். சிகிச்சை முடிந்துவிட்டதாம், கேஸ் மூடப்பட்டதாம், சேவை எப்படி இருந்தது என்று நட்சத்திரம் போடவேண்டுமாம். அவர்கள் மூடிய அந்தக் கேஸ் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தது. போனைச் சுவரில் எறியப் போனேன். மருமகள் பிடுங்கிக்கொண்டாள்.

அதே வாரம் ஒரு நாள் காலையில் அந்தப் போனில் மிஸ்ஸியின் முகம் வந்தது. உடுப்பு மாற்றுகிற அறை போலிருக்கிறது, பின்னால் இரும்பு அலுமாரிகள். கண்ணுக்குக் கீழே கறுப்பு. கால் போன செய்தி யார் மூலமோ அவருக்கு எட்டியிருக்கிறது. நலம் விசாரிக்கவில்லை, அனுதாபம் சொல்லவில்லை. "டியூட்டிக்குப் போகக் கொஞ்ச நேரம் இருக்கு. அம்மாவோட மத்தக் காலைக் காட்டுங்க" என்றார். "உங்களுக்கு யார் இதுக்குச் சம்பளம் தாறாங்க? எதுக்கு இதெல்லாம்?" என்று நான் கத்தினேன். யார்மேல் கத்துகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. ஒரு பெரிய ஆஸ்பத்திரி செய்யவேண்டியதை ஒரு பொம்பளை தன் சொந்தக் கால்மணி நேரத்தில் செய்வது என்ன நியாயம்? "பிறகு ஏசுங்க முதலாளி. காலைக் காட்டுங்க."

மருமகள் கடைக்குப் போயிருந்தாள், வீட்டில் அந்நேரம் என்னைத் தவிர யாருமில்லை. என் மனைவி இருக்கிற காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள். "ஐயோ, வேணாம் மிஸ்ஸி. இவர் கையாலயா?" "அவர் காலைத் தொடல்ல அம்மா, போனைத்தான் பிடிக்கிறார். பாவம் வந்தா அந்தப் போனுக்குத்தான்" என்றார் மிஸ்ஸி. நான் தரையில் முழங்கால் போட்டேன். மூட்டு முறிவது போலச் சத்தம் போட்டது. "இன்னும் கீழ, முதலாளி. வெளிச்சம் காணாது. குதிக்கால் பக்கம் தெரியல, கொஞ்சம் திருப்புங்க." போனை மட்டும் பிடித்துக்கொண்டு காலைத் திருப்ப முடியாது. மற்றக் கையால் குதிக்காலைப் பிடித்தேன். கல்யாணம் முடித்து இத்தனை காலத்தில் முதல் தடவை. அவள் கண்ணை மூடிக்கொண்டு அம்மன் பெயரை முணுமுணுத்தாள். கால் குளிர்ந்து, லேசாக இருந்தது. மிஸ்ஸி போனுக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுவந்து பார்த்தார். விரல் இடுக்கு ஒவ்வொன்றையும் விரித்துக் காட்டச் சொன்னார். பிறகு, "ஹரி, சரி, சுத்தமா இருக்கு" என்று சிங்களமும் தமிழுமாகச் சொன்னார். நாளைக்கும் இதே நேரம் எடுப்பீர்களா என்று கேட்டேன். "நாளைக்கு என்ன டியூட்டி போடுவாங்கன்னு எனக்கே தெரியாது. பார்க்கிறது எப்படின்னு இப்பத் தெரியுந்தானே. நீங்க பாருங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

நான் எழுந்திருக்கவில்லை. "காலை விடுங்க, வாசல் திறந்து கிடக்கு, யாராவது பார்ப்பாங்க" என்றாள் அவள்.

"பார்க்கட்டும்" என்றேன். பார்க்க ஆள் இல்லாமல்தானே ஒரு கால் போனது.